கண் மூடிய லேயர்

அண்ணனின் இடது தோளில் நான்கு விரல்கள் இருந்தன. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

அந்தப் படம் மூன்று வருடமாக எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அண்ணனுக்குக் கல்யாணமான மறுமாதம், நான் இப்போது வேலை பார்க்கும் இதே ஸ்டூடியோவில் எடுத்தது. கோடு போட்ட சட்டையில் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அண்ணி பின்னால் நின்று அவன் தோளில் கை வைத்திருக்கிறார். ஃபிளாஷ் அடித்தால் போதும், அண்ணன் கண்ணை மூடிவிடுவான். இந்த ஒரு படத்தில் மட்டும் கண்ணைத் திறந்து சிரிக்கிறான்.

அவன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதன் பிறகு அண்ணி வேறு ஊரில் ஒரு கலர் லேபில் வேலைக்குச் சேர்ந்தார். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்று ஸ்டூடியோவுக்கு வந்தேன். எங்கள் படங்களெல்லாம் அந்த லேபில்தான் பிரிண்ட் ஆகின்றன. வியாழக்கிழமை போகும் சிடி பார்சலோடு அண்ணிக்கு என் கடிதமும் போகும். போனில் எனக்கு வாய் வராது. அதனாலேயே அண்ணி எனக்கு வைத்த பட்டப்பெயர் வாயாடி.

ஜனவரி முதல் வாரம் அம்மா அந்தப் படத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இதப் பெருசாப் போட்டு ஹால்ல மாட்டணும். அவன் மட்டும் இருந்தாப் போதும்."

"அண்ணி?"

"அவள எடுத்துரு. உனக்குத்தான் அந்த வேலை தெரியுமே."

அம்மா எப்போதும் 'உங்க அண்ணி' என்றுதான் சொல்வாள். அன்றைக்கு 'அவள' என்றாள். ஏன் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

*

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். உங்கள் மணிக்கட்டு வலி குறைந்ததா? மௌஸைப் பிடித்தபடியே தூங்கிவிடுகிறீர்களா என்று முதலாளி கேட்கச் சொன்னார்.

போன பார்சலில் வந்த பாஸ்போர்ட் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் சண்டைக்கு வந்தார். காதைப் பாதியில் வெட்டிவிட்டோமாம். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்க காதே அவ்வளவுதாங்க" என்றார். அவர் எங்கள் கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம். ஒருவர் ஒரு பழைய படத்தை இருபதுக்கு இருபத்துநாலு அங்குலத்தில் கேட்கிறார். ஸ்கேன் செய்து ஜேபெக் ஃபைலாக வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். ஐந்தாறு தடவை திறந்து, திருத்தி, சேமித்ததில் முகத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கட்டம் தெரிகிறது. எப்படிச் சேமித்து அனுப்பணும்? இன்னொன்று. பெரிய படங்களை லேபில் நீங்களே திறப்பீர்களா, வேறு ஆள் இருக்கிறாரா?

அம்மா உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு உங்கள் வாயாடி

*

ஜனவரி 18

என் வாயாடிக்கு,

நான் சௌக்கியம். மணிக்கட்டு வலி மணிக்கட்டிலேயே பத்திரமாக இருக்கிறது. தூங்கினாலும் தூங்குவேன், உங்கள் முதலாளி மாதிரி லென்ஸ் மூடியைக் கழற்றாமல் நம் குடும்பத்தையே அரை மணி நேரம் சிரிக்கவைக்க மாட்டேன் என்று சொல்.

ஜேபெக், துணியை அமுக்கிப் பெட்டியை மூடுவது மாதிரி. மூடும் ஒவ்வொரு தடவையும் இடம் போதவில்லை என்று ஒன்றிரண்டு துணியை வெளியே எறிந்துவிடும். திரும்பத் திறந்தால் அவை இருக்காது. அதனால் வேலை முடியும்வரை பிஎஸ்டி ஃபைலாகவே வைத்துக்கொள். அதில் லேயரெல்லாம், கண்ணாடித் தாளை அடுக்கினது மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாகத் தனித்தனியே அப்படியே இருக்கும். முடிந்ததும் லேயர்களை ஒட்டி ஒரே படமாக்கி, டிஃப் ஃபைலாகச் சேமி. அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி. கலரை ஆர்ஜிபியிலேயே விடு. அச்சகத்துக்கு அனுப்புவது மாதிரி மாற்றிவிட்டால் எங்கள் மெஷினில் எல்லா முகத்துக்கும் மஞ்சள் காமாலை வந்துவிடும். சேமிக்கும்போது ஒரு பெட்டி வந்து, சுருக்கிக் கொடுக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடு.

பெரிய மெஷினுக்கு வேறு அறை, வேறு ஆள். அவர் அளவைத்தான் பார்ப்பார், படத்தைப் பார்க்கவே மாட்டார். சின்ன அளவுப் படமெல்லாம் என் மேசைக்கு வரும். அப்புறம், திறக்காமல் மக்கர் பண்ணும் ஃபைல்களும் எனக்குத்தான்.

எங்களுக்குப் புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறது, வேறு கம்பெனி. கம்ப்யூட்டர் பார்க்க வழக்கமாக வருகிறவர்தான் வந்து போட்டுக் கொடுத்தார். நல்ல பொறுமைசாலி. ஒன்றையே நாலு தடவை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்.

யார் படம் அது, அவ்வளவு பெரிசாக? அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? என்னைப் பற்றி அத்தை உன்னிடம் ஏதாவது சொன்னார்களா?

அன்புடன் அண்ணி

*

ஜனவரி 25

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாம் வழக்கம்போல. அம்மாவுக்கு முட்டி வலி மாடிப்படி ஏறினால் மட்டும். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

லென்ஸ் மூடி விஷயத்தை முதலாளியிடம் சொன்னேன். "அவ இன்னும் மறக்கலையா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெரிய படத்தை டிஃப் ஆகச் சேமித்துத் தனி சிடியில் போட்டிருக்கிறேன். தனி உறையில் 'பெரிய மெஷின் அறைக்கு' என்று எழுதியிருக்கிறேன். அதை அப்படியே அங்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள். உங்களுக்கு வேறு வேலை நிறைய இருக்கும்.

தெரிந்தவர்கள் வீட்டுப் படம்தான்.

உங்கள் வாயாடி

*

பிப்ரவரி 3

என் வாயாடிக்கு,

நலம். தொண்டை மட்டும் கொஞ்சம் கட்டியிருக்கிறது.

உன் தனி உறை ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் என் மேசைக்கே வந்துவிட்டது. பெரிய மெஷின்காரர் சிடியை நீட்டி, "உங்க வாயாடி அனுப்பினது வாயே திறக்கல" என்றார். நான் முயற்சி செய்தேன். வெறும் சாம்பல் கட்டம், கீழே ஒரு பிழைச் செய்தி. சுருக்கவா என்ற கேள்விக்கு நீ ஆமாம் சொல்லியிருக்கிறாய். உன் சாஃப்ட்வேர் சுருக்கும் விதத்தை எங்களதுக்கு விரிக்கத் தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். ஒன்றின் முடிச்சை இன்னொன்றுக்கு அவிழ்க்க வராது.

டிஃப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். பிஎஸ்டியாகவே அனுப்பு. புது சாஃப்ட்வேர் அதைத் திறந்துவிடும் என்று அவர் சொல்கிறார். யார் என்று கேட்காதே, அந்தப் பொறுமைசாலிதான்.

பெரிய படம் கேட்டவர்கள் அவசரப்படுகிறார்களா?

அன்புடன் அண்ணி

*

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

தொண்டைக்கு வெந்நீர் குடியுங்கள். இங்கே நலம்.

பிஎஸ்டி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் அவசரப்படவில்லை. இந்தத் தடவை ஃபைலை நீங்கள் திறக்க வேண்டாம் அண்ணி. பெரிய மெஷின்காரரையே திறக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு மணிக்கட்டு வலி இருக்கிறது.

வாயாடி

*

அதற்குப் பிறகு மூன்று வியாழக்கிழமை பார்சல் வந்தது. எல்லாப் படங்களும் சரியாக வந்தன. சிடிகளின் மேல் எழுத்து அண்ணியுடையதுதான். கடிதம் மட்டும் இல்லை. நான்காவது பார்சலில் இருந்தது.

*

மார்ச் 2

வாயாடிக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஃபைல் திறந்தது. நீ சொன்னபடி பெரிய மெஷின்காரர்தான் திறந்தார். முதல் தடவையாகப் படத்தையும் பார்த்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டார்.

உன் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் இருக்கும். அதை மூடினால் அந்த லேயர் மறைந்துவிடும். எங்களதுக்கு அந்தக் கண் தெரியாது. மூடியது, மூடாதது எல்லாவற்றையும் காட்டிவிட்டது.

வெட்டிய வேலை சுத்தமாக இருக்கிறது. ஒரு முடிகூட விடவில்லை. அந்த லேயரை ஓரமாக நகர்த்திப் பார்த்தேன். தோளில் விரல் இருந்த இடத்தில் சட்டைக் கோடுகள் சேரவில்லை. மூன்றாவது கோடு கோணல். பெரிய அளவில் அது தெரியும்.

எந்தப் படத்தை அச்சிட வேண்டும் என்று எழுதி அனுப்பு.

அண்ணி

*

மார்ச் 5

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தில் மணிக்கட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வலிக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருப்பது என்னவோ போல இருக்கிறது.

யார் படம் என்று முதலிலேயே சொல்லியிருக்கணும். தெரிந்தவர்கள் வீட்டுப் படம் என்று எழுதியது முழுப் பொய் இல்லை. அம்மா உங்களைக் கேட்டதாக எழுதியதுதான் முழுப் பொய்.

அண்ணனைத் தனியாக எடுத்துத் தரச் சொன்னது அம்மா. ஏன் என்று அப்போது கேட்கவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றைக்குத்தான் கேட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவ வேற வீட்டுக்குப் போகப் போறா. நம்ம சுவத்துல அவன் தோளப் புடிச்சு நிக்க வச்சா அவளுக்கு எப்படி இருக்கும், அங்க இருக்கறவருக்குத்தான் எப்படி இருக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரே துண்டை மூன்று தடவை உதறி மடித்தாள், அவ்வளவுதான்.

நிஜமா அண்ணி? எனக்குக் கோபம் இல்லை. மற்ற எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் நடக்கும். அங்கே எனக்கு அது பெரிதாகத் தெரிந்ததில்லை.

உங்களை வெட்டி எடுக்க நாலு நாள் ஆனது. இன்னும் ஒன்று சொல்லணும். அனுப்புவதற்கு முன் நீங்கள் சொன்னபடி எல்லா லேயரையும் ஒட்டத்தான் போனேன். அப்போது சாஃப்ட்வேர் ஒரு கேள்வி கேட்டது. 'மறைந்திருக்கும் லேயர்களைத் தூக்கிப் போட்டுவிடவா?' எத்தனையோ படத்துக்கு இந்தக் கேள்வி வந்திருக்கிறது. படிக்காமலே சரி என்று அழுத்தியிருக்கிறேன். இந்தத் தடவை படித்துவிட்டேன். அதன் பிறகு விரல் போகவில்லை. டிஃப் அனுப்பினபோதும் வேண்டாம் என்றேன், பிஎஸ்டி அனுப்பினபோதும் வேண்டாம் என்றேன். டிஃப் பெட்டியில் சுருக்கவா என்று கேட்டதற்கு ஆமாம் என்று அழுத்தியது அந்தக் கலக்கத்தில்தான். உங்கள் கண்ணை மூடிவிட்டால் வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

எந்தப் படத்தை அச்சிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வாயாடி

*

ஏப்ரல் 10

என் வாயாடிக்கு,

மணிக்கட்டு வலிக்கிறது. வலது கைதான். இடது கையால் மௌஸ் பிடித்துப் பார்த்தேன், அம்பு திரைக்கு வெளியே ஓடிவிட்டது. அத்தையின் முட்டிக்கும் என் மணிக்கட்டுக்கும் சேர்த்து யாராவது ஒரு மருந்து கண்டுபிடித்தால் நன்றாக இருக்கும்.

உனக்கு நான்கு கடிதம் எழுதினேன். மூன்றைக் கிழித்தேன். இது நாலாவது.

நிஜம்தான். அந்தப் பொறுமைசாலிதான். மே மாதம் பதினெட்டாம் தேதி பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறோம். போன நவம்பரிலேயே அத்தையிடம் போனில் சொல்லிவிட்டேன். நான் போன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். "இருக்கேன், இருக்கேன். நல்லா இரும்மா. சின்னவகிட்ட மட்டும் நீயே சொல்லிரு" என்றார்கள். ஐந்து மாதமாக எனக்கு வாய் வரவில்லை. உன் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது. பொறுமைசாலி, பொறுமைசாலி என்று எழுதிக்கொண்டே இருந்தேன். நீயாக யார் அது என்று கேட்பாய் என்று பார்த்தேன். நீ கேட்கிற ஆளா?

அத்தை மேல் வருத்தப்படாதே. பிள்ளையைத் தனியாகப் பார்க்கணும் என்று கேட்கிறார்கள். கேட்கலாம். அதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

சட்டைக் கோடுகளை நானே சேர்த்தேன். கல்யாணமான புதிதில் அந்தச் சட்டையை எத்தனை தடவை தேய்த்திருப்பேன். தோளில் தையல் வரும் இடத்தில் கோடு எப்படி மடங்கும் என்று எனக்குத் தெரியும். இப்போது நீ உற்றுப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் என் லேயரை நீக்கிவிட்டு, மீதியை ஒட்டி, அச்சிட்டு இந்தப் பார்சலிலேயே அனுப்பியிருக்கிறேன். எங்கள் சாஃப்ட்வேர் உன்னுடையது மாதிரி கேள்வியெல்லாம் கேட்காது. அழுத்தினால் போய்விடும்.

ஒன்று எழுதணும் என்று நினைத்தேன். இனிமேல் எனக்கு அண்ணி என்று எழுதுவது உனக்குச் சங்கடமாக இருக்கலாம். வேண்டுமானால் அக்கா என்று எழுது. ஒன்றும் எழுதாமல் நேராக விஷயத்துக்கு வந்தாலும் சரி. கடிதத்தை மட்டும் நிறுத்திவிடாதே. பார்சலைப் பிரித்ததும் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

அன்புடன்

*

ஏப்ரல் 23

நான் நலம். உங்கள் மணிக்கட்டுக்கு அம்மா ஒரு பட்டை வாங்கி வைத்திருக்கிறாள். அவள் முட்டிக்குப் போடுவதில் சின்ன அளவு. பார்சலில் இருக்கிறது.

மேலே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். மூன்று தடவை பேனாவை வைத்து எடுத்துவிட்டேன். எது எழுதினாலும் பொய் எழுதுகிற மாதிரி இருக்கிறது. கடைசியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று கீழே ஆரம்பித்துவிட்டேன்.

நீங்கள் கல்யாணம் செய்துகொள்வது எனக்குச் சந்தோஷம்தான். இதை எழுதவே பதிமூன்று நாள் ஆகிவிட்டது. அவர் நிஜமாகவே அவ்வளவு பொறுமைசாலியா? உங்கள் ஜோக்கெல்லாம் அவருக்குப் புரிகிறதா?

படம் வந்தது. முதலாளி சட்டம் போட்டுக் கொடுத்தார். தோளை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இதக் கையால செஞ்சிருக்கா. நம்மால ஆகாதுப்பா" என்றார். பிறகு அவரே எங்கள் வீட்டுக்கு வந்து ஆணி அடித்து மாட்டினார். அம்மா கீழே நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். நல்லா இருக்கு என்றாள். கோடுகளைச் சேர்த்தது யார் என்று கேட்டாள். சொன்னேன். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மற்றபடி

*

'மற்றபடி' என்று எழுதியதோடு நின்றுவிட்டது. வியாழக்கிழமை காலை. பத்து மணிக்குப் பார்சல் எடுக்க ஆள் வந்துவிடுவார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செருப்பு மாட்டும்போது அம்மா ஹாலில் படத்தின் கீழே நின்றிருந்தாள்.

"தோளு வெறிச்சுன்னு இருக்குல்ல" என்றாள்.

"நீதானம்மா எடுக்கச் சொன்ன."

"நாந்தான் சொன்னேன். இல்லங்கல." முந்தானையால் சட்டத்தின் கீழ்க் கட்டையைத் துடைத்தாள். அதில் தூசி இல்லை. "அவ இருந்த படத்த கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டியா?"

"இல்லம்மா. கண்ண மூடி வச்சிருக்கேன்."

"யாரு கண்ண?"

"லேயரோட கண்ண. திறந்தா வந்துரும்."

அம்மாவுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. தலையை ஆட்டினாள்.

"அப்ப சின்னதா ஒண்ணு போட்டு எடுத்துட்டு வா. என் பெட்டியில வச்சுக்கறேன். சுவத்துல வேணாம்." நான் வாசல்படி இறங்கின பிறகு பின்னாலேயே வந்தாள். "உங்க அண்ணிக்கும் ஒண்ணு வேணுமான்னு கேளு. வேணும்னா மட்டும் போடச் சொல்லு. வேணாம்னா வேணாம், அவ வருத்தப்படக் கூடாது."

ஸ்டூடியோவில் முதலாளி இன்னும் வரவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டு ஃபைலைத் திறந்தேன். மேல் லேயரின் கண் மூடியிருந்தது. அதை அழுத்தினேன். அண்ணி வந்து நின்றார். நான்கு விரல்களும் அண்ணனின் தோளில் சரியாக உட்கார்ந்தன. கீழே என் கோணல் கோடு மறைந்துபோனது.

நாலுக்கு ஆறு அங்குலத்துக்குக் குறைத்து, முழுத் தரத்தில், ஒரே ஒரு தடவை ஜேபெக்காகச் சேமித்து சிடியில் ஏற்றினேன். பிஎஸ்டியை அப்படியே விட்டேன், கண்ணைத் திறந்தபடி. சின்ன அளவுப் படமெல்லாம் அண்ணியின் மேசைக்குத்தான் போகும்.

பிறகு கடிதத்தைப் பிரித்தேன். 'மற்றபடி'க்குப் பிறகு, அம்மாவுக்கு ஒன்று போடுங்கள், உங்களுக்கும் வேண்டுமானால் இரண்டாகப் போடுங்கள் என்று எழுதி, உங்கள் வாயாடி என்று முடித்தேன். தாளின் மேலே விட்டிருந்த இடத்துக்குப் போய், 'அன்புள்ள அண்ணிக்கு' என்று எழுதி, மை காயும்வரை ஊதினேன்.